குமுளியில் இரண்டு ராத்திரி: ரூம் பெரிய ஹோட்டலில், சாப்பாடு கரி அடுப்பில்

தேக்கடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யானை பார்க்க வருகிறார்கள், மீதிப் பேர் யானை பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார்கள். இது அந்த இரண்டாவது கூட்டத்துக்கு. நல்ல ரூம், கொஞ்சம் குளிர், கரியில் சுட்ட கோழி, ராத்திரி ஊரைச் சுற்றி ஒரு நடை, இவ்வளவுதான் வேண்டும், ஆனால் முதல் தடவை என்பதால் எங்கே காசை விடுவோம் என்று தெரியவில்லை என்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

நான் கம்பத்துக்காரன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் கேரள எல்லையில் குமுளி, தேக்கடி அதை ஒட்டித்தான். விடிவதற்கு முன்னாலேயே எங்கள் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏலத்தோட்டத்து வேலைக்கு மேலே போவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். என் தாய்மாமா ஒருவர் அங்கேயே கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பேச்சைத் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிக்கிற ஆள். வெளியூர் நண்பர்கள் கிளம்பும்போதெல்லாம் எந்த ஹோட்டல் போடலாம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டு, ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரூமுக்குக் காசு செலவழியுங்கள், ஹோட்டலின் ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே விலைக்கு வாங்காதீர்கள். குமுளியில் நல்ல இறைச்சி தெருவில் இருக்கிறது, நல்ல படுக்கை ஹோட்டலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் தேடினால் இரண்டும் சுமாராகத்தான் கிடைக்கும். இன்னொன்று, ராத்திரி வாழ்க்கை என்றால் பப்பும் டிஜேயும் என்று நினைத்து வருகிறவர்கள் வண்டியை நிறுத்தாமல் இன்னும் நாலைந்து மணி நேரம் கொச்சிக்கு ஓட்டிவிடுங்கள். இங்கே ராத்திரி என்பது கரி அடுப்பு, தட்டுக்கடை என்கிற தெருவோரச் சாப்பாட்டுக் கடை, கட்டன் சாயா என்கிற பால் இல்லாத டீ, ஆசைப்பட்டால் காடு. பதினோரு மணிக்கு ஊர் அடங்கிவிடும்.

எப்போது வருவது

ஜனவரி 20-க்கு மேல், பிப்ரவரி கடைசி வரை. குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்த நாட்களில் மழை பெரும்பாலும் இருக்காது, ராத்திரியில் ஸ்வெட்டர் கேட்கும், அடுப்புப் பக்கம் போய் நிற்க உடம்பே ஆசைப்படும். அதற்கு முன்னால், கார்த்திகை ஒன்றிலிருந்து மகரஜோதி வரை குமுளி ஐயப்ப பக்தர்களின் ஊர். கூட்டம் ஏறிய நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அது போக, மாலை போட்டவர் பக்கத்துக் கடையில் நின்றுகொண்டிருக்க நாம் கோழிக்காலைக் கடிப்பது எனக்கு என்னவோ போல இருக்கும், உங்களுக்கு எப்படியோ. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், மழையை ரசிக்க வரலாம், திறந்தவெளி அடுப்பை நம்பி வரக்கூடாது. சித்ரா பௌர்ணமியை விட்டுவிடுங்கள். மங்கலதேவி கண்ணகி கோயில் வருஷத்தில் அந்த ஒருநாள்தான் திறக்கும், இரண்டு மாநிலத்து ஜனமும் குமுளியில் இருக்கும், ரூமும் கிடைக்காது நிம்மதியும் கிடைக்காது.

நாள் குறிக்கும்போது காலண்டரில் ஒன்றாம் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளாவில் மாதாமாதம் ஒன்றாம் தேதி மதுவுக்கு விடுமுறை. காந்தி ஜயந்தி, ஸ்ரீ நாராயண குருவின் ஜயந்தி, சமாதி நாட்களும் அப்படித்தான். ஒரு நண்பர் கூட்டம் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி பயணக் களைப்பில் தூங்கிவிட்டு, ஒன்றாம் தேதி முழுக்க மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்றும் முந்தின நாள் விசாரித்துவிடுங்கள், அறிவித்துவிட்டால் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஒரு டீக்குக்கூட அலைய வேண்டும்.

ரூம் போடும்போது

இங்கே ஒரு வரிக்கணக்கைக் கவனிக்க வேண்டும், நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மொத்தத் தொகைக்கும். 7,400 ரூபாய் ரூம் வரியோடு 7,770 ஆகிறது, 7,600 ரூபாய் ரூம் வரியோடு 8,968 ஆகிறது. வாடகையில் இருநூறு ரூபாய்தான் வித்தியாசம், பில்லில் 1,198. ஆகவே ஒன்று 7,500-க்குள் நிற்கும் ரூமைப் பாருங்கள், அல்லது போனால் போகிறது என்று நல்லாவே மேலே போய் பால்கனி, தொட்டிக் குளியல், ஏலத்தோட்டம் தெரியும் ஜன்னல் எல்லாம் உள்ளதாக எடுங்கள். எட்டாயிரத்துச் சொச்சத்தில் நிற்பதுதான் நஷ்டம். வாடகை உயர்ந்த ஹோட்டல்களின் ரெஸ்டாரன்டில் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் 18 சதவீதம் போடுவார்கள், வெளிக்கடையில் 5, சின்னக் கடையில் அதுவும் இருக்காது. தெருவில் சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பிளான். இ.பி. என்றால் வெறும் ரூம், சி.பி. என்றால் காலைச் சாப்பாடு சேர்த்து, எம்.ஏ.பி. என்றால் காலையும் இன்னொரு வேளையும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். நீங்கள் எடுக்க வேண்டியது சி.பி. போன் எடுக்கிறவர் "சார், இன்னும் கொஞ்சம் போட்டால் டின்னர் பஃபே வந்துடும்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். டின்னருக்குக் காசு கட்டியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, வெளியே கரி வாசம் வந்துகொண்டிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து பனீர் பட்டர் மசாலா சாப்பிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இடம் முக்கியம். குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து தேக்கடி போகும் ரோட்டை ஒட்டி இருந்தால் சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பலாம். ஊரைவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஏலக்காட்டுக்குள் இருக்கும் ரிசார்ட்டுகள் அழகோ அழகு, ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு அங்கே போக ஆட்டோக்காரர் திரும்பி வரும் வாடகையையும் சேர்த்துத்தான் கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஏரிக்குள்ளேயே இருக்கும் லேக் பேலஸைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். திருவிதாங்கூர் மகாராஜாவின் பழைய கோடை மாளிகை, இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது, ஆறே ரூம், படகில்தான் போக வேண்டும். வாழ்க்கையில் ஒருதரம் தங்க வேண்டிய இடம்தான், நம் காரியத்துக்கு மட்டும் ஆகாது. இருட்டிய பிறகு காட்டைக் கடந்து கோழி சாப்பிட வர முடியாதே. ஆயுர்வேத ரிசார்ட் என்று போட்டிருந்தால் இன்னும் ஜாக்கிரதை, சில இடங்களில் வளாகத்துக்குள் கறியும் கிடையாது மதுவும் கிடையாது, பணம் கட்டிய பிறகு கஞ்சிதான்.

போனில் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பார் இருக்கிறதா, பீரும் ஒயினும் மட்டுமா. ராத்திரி எத்தனை மணிக்கு கேட் பூட்டுவார்கள். வெளிச் சாப்பாடு ரூமுக்குள் கொண்டுவரலாமா. டிரைவர் படுக்க இடம் இருக்கிறதா, அவர் குளிக்க வெந்நீர் வருமா. கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், மறுநாள் மலை இறக்கத்தில் உங்கள் குடும்பத்தைச் சுமப்பவர் அவர்தான்.

இனி அந்த "பார்பிக்யூ நைட்" சமாச்சாரம். ஒரு ஆடி மாதம், சென்னையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்துக்காக நானே ஒரு ரிசார்ட்டில் ரூம் போட்டுக் கொடுத்தேன். பேர் வேண்டாம். கேம்ப் ஃபயரும் பார்பிக்யூவும் சேர்ந்த பேக்கேஜ் என்றார்கள், ஆறு பேருக்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் புல்வெளியில் போய் நின்றால் சாரல். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு இரும்புத் தொட்டி, அதில் இரண்டு கை அளவு கரி, பக்கத்தில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பையன். கோழித்துண்டுகள் சமையலறையிலிருந்து வரும்போதே வெந்திருந்தன, அவர் செய்ததெல்லாம் ஒவ்வொன்றையும் கரிமேல் இரண்டு நிமிஷம் காட்டி எடுத்ததுதான். ஆளுக்கு இரண்டு துண்டு. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, "புகை வாசம் லேசா இருக்குப்பா" என்றார், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கோழி பச்சையாகக் கரிக்கு வருமா, வெந்து வருமா? அந்தப் பக்கம் பதில் இழுத்தால் பேக்கேஜ் வேண்டாம்.

மலை ஏறுவது

ரயிலில் வருகிறவர்களுக்குத் தேனி வசதி, அங்கிருந்து கம்பம் வழியாகக் குமுளிக்கு பஸ் இருந்துகொண்டே இருக்கும். காரில் வந்தால் கம்பத்திலேயே டீசலையும் பணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் வரும், ஐந்து நிமிஷம் இறங்கிப் பார்க்கலாம். 1895-இல் அவர் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால்தான் தேக்கடியில் ஏரியே வந்தது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அவர் பேர்தான் வைத்திருக்கிறது. பிறகு கொண்டை ஊசி வளைவுகள். இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள். இரண்டு பக்கமும் காடு, யானை ரோட்டைக் கடப்பது கதை இல்லை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து ஆட்டோவைத் தள்ளிவிட்டுப் போன காலை எங்கள் தெருவில் யாருக்கும் மறக்காது.

எல்லையில் எக்சைஸ் சோதனை உண்டு. டாஸ்மாக் பாட்டிலை மேலே கொண்டுபோகாதீர்கள், திரும்பும்போது கேரளா பாட்டிலைக் கீழே கொண்டுவராதீர்கள். "ஒண்ணுதானே" என்று ஆரம்பித்த பேச்சு எங்கே முடிந்தது என்று மாமா கடையில் உட்கார்ந்தால் வாரத்துக்கு ஒரு கதை கேட்கலாம்.

முதல் ராத்திரி: அடுப்பு

இதற்குத்தான் வந்திருக்கிறோம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேரளாவில் கரிக்கோழிக்கு அல்ஃபாம் என்று பேர். அரபியில் ஃபஹம் என்றால் கரி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த பண்டம், இன்றைக்குக் குமுளி மாதிரி ஊரில்கூடத் தெருவுக்கு ஒன்று. முழுக்கோழியை முதுகில் பிளந்து விரித்து, தயிர், பூண்டு, எலுமிச்சை, மிளகு, மல்லி என்று கடைக்குக் கடை மாறும் மசாலாவில் மணிக்கணக்கில் ஊறவைத்து, இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவில் சிறைவைத்து, தீ நாக்கு இல்லாத கனல்மேல் வாட்டுவார்கள். தந்தூரி மாதிரி அடுப்புச் சூட்டில் மூடி வேகவைப்பதில்லை, இது கண்முன்னால் திறந்து வேகிறது. அதனால் ஒரு வசதி: ஆர்டர் கொடுக்கும் முன்பே கடையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

எப்படித் தெரியும்? கடைக்குள் நேராக உட்காராதீர்கள். அடுப்புக்கு முன்னால் ரோட்டில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கரி சாம்பல் பூத்துச் சிவந்திருக்க வேண்டும், கறுப்பாக இருந்து புகைந்துகொண்டிருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. கொழுப்புச் சொட்டிக் குப்பென்று தீ எழும்போது அடுப்புக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல கை என்றால் வலையை உடனே தூக்கிவிடும், அல்லது ஓரத்துக்குத் தள்ளும். அலட்சியக் கை தீயிலேயே விட்டுவிடும், தோல் கரிந்து உள்ளே பச்சையாக நிற்கும். நான் வழக்கமாகப் போகும் கடையில் அடுப்பில் நிற்பவருக்கு வலது கை முழங்கை வரை ரோமமே கிடையாது, அவ்வளவு வருஷம். வலையைத் திருப்புவார், ஒரு பிரஷ்ஷில் மசாலா எண்ணெயை ஒரு இழுப்பு இழுப்பார், தொடைக்கும் காலுக்கும் நடுவில் கத்திமுனையை இறக்கி எடுத்து அதைத் தன் புறங்கையில் ஒற்றிப் பார்ப்பார். சூடு ஏறியிருந்தால்தான் வெட்டுப்பலகைக்குப் போகும். "சேட்டா, இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்டால் நிமிராமலே "கோழிட்ட கேளுங்க அண்ணா" என்பார்.

போக வேண்டிய நேரம் ஏழரையிலிருந்து எட்டரைக்குள். ஆறு மணிக்குப் போனால் கரி பக்குவப்பட்டிருக்காது, பத்து மணிக்குப் போனால் மிஞ்சிய துண்டுகளை மறுபடி சூடு காட்டிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. பச்சையாக அடுப்பில் ஏறும் கோழிக்கு அரைமணி நேரமாவது ஆகும், ஐந்து நிமிஷத்தில் வந்தால் அது உங்களுக்காக ஏறிய கோழி இல்லை. கால், அரை, முழு என்று அளவு. இரண்டு பேருக்கு அரையும் நாலைந்து குபூஸும் (அரபு ரொட்டி) போதும், அப்புறம் வேறு எதற்கும் வயிற்றில் இடம் வேண்டும் அல்லவா. முதல் தடவை சாதா அல்ஃபாமே சொல்லுங்கள், அடுத்து காந்தாரி. காந்தாரி என்பது ஊசி மாதிரி இருக்கும் சின்ன மிளகாய், நாக்கில் பட்ட நேரத்தில் ஒன்றும் தெரியாது, பத்து விநாடி கழித்துத்தான் காதுமடல் சூடாகும். தேன் தடவியது, பெரிபெரி என்றெல்லாம் பலகையில் இருக்கும், அவை எனக்கு ஒத்துவரவில்லை.

தட்டு வந்ததும் காலை மூட்டில் பிரித்துப் பாருங்கள். வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக, சதை வழவழப்பாக இருந்தால் வெட்கப்படாமல் திருப்பி அனுப்புங்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். கூடவே வரும் மயோனைஸ் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்தது, தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரலில் ஒரு வருஷத்துக்குத் தடை போட்டார்கள். முட்டை இல்லாததா, பாஸ்சுரைஸ் செய்த முட்டையா என்று கேளுங்கள். வெளியே மேசைமேல் திறந்து கிடந்தால் தொடவே வேண்டாம். பார்சலில் தயாரித்த நேரம் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. ஹோட்டல் ரூமில் வைத்து நடு ராத்திரி பசிக்குச் சாப்பிடலாம் என்ற திட்டம் அங்கேயே முடிந்தது.

குடிக்க ரோஸ் நிறத்தில் ஒரு வெந்நீர் வைப்பார்கள். பயப்பட வேண்டாம், பதிமுகம் என்ற மரத்தின் கட்டைத் துண்டு போட்டுக் கொதிக்கவைத்தது. எங்கள் சித்தி அதைக் கை கழுவ வைத்தது என்று நினைத்து விரலை விட்டுவிட்டார்.

கோழியோடு நிற்பவர்கள் அங்கே நின்றுவிடலாம். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் தட்டுக்கடைக்கு நகருங்கள். தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் போட்டுக் கறுக்கக் கறுக்க வறட்டிய பீஃப், பெரும்பாலும் போத்து, அதாவது எருமை. அதோடு பரோட்டா. இடுக்கிக்காரர்களின் சொந்தப் பண்டம் வேறொன்று உண்டு: எலும்போடு கறியும் மரவள்ளிக்கிழங்கும் சேர்த்துக் குழைத்தது. மற்ற ஊர்களில் கப்பை பிரியாணி என்பதை இங்கே பலர் ஏஷ்யாட் என்பார்கள். பிரியாணி என்ற பேரை நம்பி அரிசி தேடாதீர்கள், ஒரு பருக்கை இருக்காது. அல்ஃபாம் தின்ற வயிற்றில் இது ஏறாது, மறுநாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சைவம் இருந்தால் தட்டுக்கடையில் தோசை கிடைக்கும், ஆனால் கல்லும் கரண்டியும் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். அவருக்குத் தனியாக நல்ல சைவ ஹோட்டலைப் பார்த்துக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

குடிக்கிறவர்களுக்கு

கேரளாவில் வயது வரம்பு 23, நம் ஊர் மாதிரி 21 இல்லை. கல்லூரி முடித்த தம்பிமார் இதைக் கேட்டு வாடிப்போவார்கள். பார் ராத்திரி 11 வரை. பெரிய ஹோட்டல் பாரில் விலை கூடுதல்தான், ஆனாலும் நான் அதையே சொல்வேன், மேலே ரூம், லிஃப்ட்டுக்கு மட்டும் நடந்தால் போதும். வெளியே குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ, அது போக மலை ரோடு.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் நம் ஆட்களுக்குக் கள்ளுக்கடை ஒரு கனவு. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் "கள்ளு" என்று இருக்கும். அது ராத்திரிக்கு உள்ள இடம் இல்லை, மதியத்துக்கு முன்னால் போங்கள். இறக்கி நேரம் ஆக ஆகப் புளித்து ஏறும், காலையில் இனிக்கிற கள் சாயங்காலம் தலைக்குப் போகும். அங்கே போவதே உண்மையில் மீன் கறிக்கும் கப்பைக்கும்தான் என்பது என் எண்ணம், மாமா ஒப்புக்கொள்ள மாட்டார்.

இரண்டாம் ராத்திரி: காடா, ஹோட்டலா

சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு டிக்கெட் வைத்துக் களரியும் கதகளியும் நடக்கும், தலா ஒரு மணி நேரம். கதகளிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போனால் முகத்தில் வண்ணம் ஏறுவதைப் பார்க்கலாம், ஆட்டத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு வழி. முதல் வழி, பெரியாறு புலிகள் காப்பகத்தின் ராத்திரி நடை. ஜங்கிள் ஸ்கவுட் என்று பேர், மூன்று மணி நேரம், வனத்துறை ஆட்களோடு காட்டு ஓரமாக நடப்பது. அம்பாடி ஜங்ஷனில் இருக்கும் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஆட்கள் எண்ணிக்கை குறைவு. குடித்திருக்கக் கூடாது, சென்ட் போடாதீர்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க முழங்கால் வரை துணி உறை கொடுப்பார்கள். புலியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். நான் போன அன்று டார்ச் வெளிச்சத்தில் வரிசையாகப் பச்சைக் கண்கள், மிளா மான் கூட்டம். அப்புறம் கூட வந்த மன்னான் பழங்குடிப் பெரியவர் சட்டென்று கையைத் தூக்கி நிறுத்தினார். ஒன்றும் தெரியவில்லை, புளித்த வைக்கோல் மாதிரி ஒரு வாசம் மட்டும் வந்தது. யானை. அவர் வந்த வழியே எங்களைத் திருப்பினார், ஹோட்டல் வாசலுக்கு வரும்வரை ஒருத்தரும் பேசவில்லை.

இரண்டாவது வழி, முதலில் நான் வேண்டாம் என்ற ஹோட்டல் சாப்பாடு. முரண்பாடு இல்லை, பஃபேதான் வேண்டாம் என்றேன். சமையலறை நல்லது என்று காலைச் சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டால், மதியமே செஃப்பைப் பார்த்து மீன் பொள்ளிச்சது சொல்லிவையுங்கள். மீனுக்கு மசாலா தடவி வாழையிலையில் கட்டிக் கல்லில் மெதுவாக வாட்டுவது, இலை கறுத்துச் சுருங்கும்போது பிரிக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, தெருக்கடைக்கு அதற்கு நேரம் இல்லை, ஹோட்டலுக்கு இருக்கிறது. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். அந்தக் காசைப் பரிமாறினவர் கையில் நேராகக் கொடுங்கள்.

கிளம்பும் காலை

செக் அவுட் நேரத்தை முந்தின ராத்திரியே கேட்டுவைத்து, காலைச் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட்டு, தொட்டிக் குளியலுக்குக் கொடுத்த காசைத் தொட்டியில் எடுத்துவிட்டு இறங்குங்கள். ஏலக்காய் வாங்குவதானால் பச்சை நிறம் பளீரென்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், ஒன்றை உரித்து விதை கறுப்பாக ஒட்டும் பதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பத்தில் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளலாம், வீட்டில் காட்ட ஏதாவது வேண்டுமே. போட்டிருந்த சட்டையை மட்டும் பையில் அடியில் வைத்து, போனதும் நேராகத் துணி மெஷினில் போட்டுவிடுங்கள். யானை பார்த்த சட்டையில் கரிப் புகை வாசம் வராது.